படமும் பாடமும்

எழுத்தறிவதற்கு முன்பே குழந்தை படிக்கத் தொடங்கிவிடுகிறது. தாயின் முகத்தைப் படிக்கிறது. தந்தையின் குரலைப் படிக்கிறது. சுவரில் விழும் நிழலையும் சன்னலில் வழியும் மழையையும் படிக்கிறது. அகரம் அறியாத அந்தப் பருவத்தில் அதன் கையில் நாம் தரும் முதல் நூல் படநூல். பின்னாளில் அது காப்பியம் பயிலலாம், புதினம் பயிலலாம். ஆனால், ஏட்டைத் திறந்தால் உள்ளே ஓர் உலகம் இருக்கும் என்னும் நம்பிக்கை முளைவிடுவது அந்த முதல் நூலில்தான்.

இத்துணைச் சிறப்புடைய நூல்வகையைப் பற்றி நம்மிடையே எழுந்த திறனாய்வு மிகக் குறைவு. சிறுகதையை அலசினோம், புதுக்கவிதை கவிதையா என்று வழக்காடினோம், குழந்தைப் பாடல்களையும் ஓரளவு ஆராய்ந்தோம். படநூலையோ கடையில் வாங்கிப் பிள்ளை கையில் கொடுக்கும் ஒரு பொருளாகவே கருதிவிட்டோம். விலையைப் பார்த்தோம், தாளின் தரத்தைப் பார்த்தோம், எழுத்தின் அளவைப் பார்த்தோம். அது நல்ல இலக்கியமா என்று பார்க்கவில்லை.

குழந்தை தன்னை அறியவும் தன்னைச் சூழ்ந்த உலகை அறியவும் படநூல் துணைசெய்கிறது என்பர். உண்மைதான். ஆனால், எவ்வாறு துணைசெய்கிறது? பொருள்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தா? அறிவுரை கூறியா? அல்லது வேறு வழியாலா? இவ்வினாவிற்கு விடைகாண, உலகப் புகழ்பெற்ற நான்கு படநூல்களை எடுத்துக்கொண்டு நோக்குவோம். நான்கும் 1962-ஆம் ஆண்டிற்கும் 1969-ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்தவை. அவற்றின்வழித் தெளியும் உண்மை கொண்டு நம் நூல்களையும் நம் வகுப்பறைகளையும் பிறகு எண்ணிப் பார்ப்போம்.

படமுள்ள நூலும் படநூலும்

படம் இடம்பெற்ற நூலெல்லாம் படநூல் ஆகிவிடாது. குழந்தைகளுக்கெனப் படங்களுடன் அமைந்த பழைய நூல்களுள் தலைசிறந்தது, செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் இயற்றி 1658-ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரில் வெளியிட்ட 'ஆர்பிஸ் பிக்டஸ்' என்னும் நூலாகும். 'படங்களில் உலகம்' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். வானம், நெருப்பு, பறவை, மரவேலை, நூலச்சிடல் என 150 தலைப்புகளில் உலகத்துப் பொருள்களையும் தொழில்களையும் அது மரச்செதுக்குப் படங்களாகக் காட்டியது. படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இட்டு, அவ்வெண்களுக்கு நேரே இலத்தீன் சொல்லையும் செருமானியச் சொல்லையும் அமைத்தது. சொல்லை நெட்டுருச் செய்வதற்கு முன்னர்ப் பொருளைப் புலன்களால் அறிதல் வேண்டும் என்பது கொமேனியசின் கொள்கை. பிரம்பும் மனப்பாடமும் ஆட்சிசெய்த காலத்தில் இது பெரும்புரட்சி என்பதில் ஐயமில்லை.

எனினும், அந்நூலில் சொல் எதைக் கூறுகிறதோ அதையே படமும் கூறுகிறது. 'இது மரம்' என்கிறது சொல். 'ஆம், இது மரம்' என்கிறது படம். இன்றளவும் நம் பாலர் பள்ளிகளில் பயன்படும் நூல்களுட் பல இந்த வகையைச் சேர்ந்தவையே. இவை தேவையற்றவை என்று கூறுவதற்கில்லை. சொற்களஞ்சியம் பெருக இவை உதவும். ஆனால், இவற்றில் குழந்தை தானாகக் கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

சொல்லும் படமும் ஒன்றையொன்று திரும்பக் கூறாமல், ஒன்று விட்டதை மற்றொன்று நிரப்பும் முறையை 19-ஆம் நூற்றாண்டில் வளர்த்தவர்களுள் ஆங்கில ஓவியர் இராண்டால்ப் கால்டெகாட் குறிப்பிடத்தக்கவர். அவர் பெயரால் அமைந்த பதக்கம் அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு முதல் சிறந்த படநூல் ஓவியருக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வருகிறது. சொல்லும் படமும் இருவேறு குரலாக நின்று ஒரு கதையை நடத்துவதே முழுமையான படநூல். இவ்விலக்கணத்திற்குத் தெளிவான இலக்கியம் ஒன்றை முதலில் காண்போம்.

சொல்லில் இல்லாத நரி

பாட் ஹட்சின்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1968-ஆம் ஆண்டில் எழுதி வரைந்த நூல் 'ரோசீஸ் வாக்'. தமிழில் 'ரோசியின் உலா' எனலாம். நூல் முழுமையிலும் உள்ள சொற்கள் 32, வாக்கியம் ஒன்றே. ரோசி என்னும் கோழி பண்ணையில் உலாவச் சென்று, முற்றம், குளம், வைக்கோற்குவியல், மாவரைக்கும் ஆலை, வேலி, தேன்கூட்டுப் பெட்டிகள் ஆகியவற்றைக் கடந்து, உணவு வேளைக்குள் வீடு திரும்புகிறது. சொல் கூறும் கதை இவ்வளவே. இதைக் கதை என்று கூறவும் தயங்குவோம்.

படம் கூறும் கதையோ வேறு. கோழியின் பின்னே முதற்படம் தொட்டே ஒரு நரி பதுங்கி வருகிறது. பாயும்போதெல்லாம் அதற்கு ஒரு கேடு நேர்கிறது. வாரியின் காம்பு மூக்கில் அடிக்கிறது, குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது, இறுதியில் தேனீக்கள் துரத்த ஓட்டமெடுக்கிறது. ரோசி ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. நூலாசிரியரும் நரி என்னும் சொல்லை ஓரிடத்தும் கூறவில்லை.

இங்கு நிகழும் விந்தையைக் கருதுக. கோழிக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிகிறது. படித்துக்காட்டும் பெரியவர் வாயில் வராதது குழந்தையின் கண்ணில் படுகிறது. "நரி! நரி!" என்று குழந்தை கூவும் அந்த நொடியில் கதை சொல்லும் உரிமை பெரியவரிடமிருந்து குழந்தைக்குக் கைமாறுகிறது. எழுத்தறியாப் பிள்ளை எழுத்தறிந்தவரைவிட மிகுதியாக அறிந்துவிடுகிறது. தானும் ஒன்றைக் கண்டறிய வல்லவன் என்று ஒரு குழந்தை தன்னைப்பற்றி அறிவதைவிடச் சிறந்த தன்னறிவு வேறு யாது?

தமிழ் பயின்றார்க்கு இவ்வுத்தி புதிதன்று. சொல்லப்பட்ட பொருளின் புறத்தே மற்றொரு பொருள் நின்று விளங்குவதை நம் முன்னோர் இறைச்சி என்றும், கூறிய காட்சியின் உள்ளே கூறாத கருத்து உறைவதை உள்ளுறை என்றும் பெயரிட்டுப் போற்றினர். தொல்காப்பியம் இவற்றிற்கு இலக்கணம் வகுத்தது. சங்கப் பாடலில் குருகும் நண்டும் செய்யும் வேலையை இப்படநூலில் நரி செய்கிறது. குறிப்பால் உணர்த்துவதே உயர்ந்த கவிதை என்று மேல்நிலை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், குழந்தைக்கு எழுதும்போது மட்டும் யாவற்றையும் விண்டுரைக்க முற்படுவது ஏன்?

வெகுளியின் காடு

உலகை அறிவதினும் தன்னை அறிவது அரிது. அதிலும் தன் சினத்தை அறிவது குழந்தைக்கு மிகவும் அரிது. சினம் வந்த குழந்தையிடம் 'சினங்கொள்ளாதே' என்கிறோம். அந்தச் சினம் என்பது யாது, அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்பதை யாரும் அதற்குக் கூறுவதில்லை. மோரிஸ் செண்டாக் எழுதி வரைந்து 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' இக்குறையை நிறைவுசெய்த நூல். 'கொடுவிலங்குகள் வாழும் இடம்' என அதனைத் தமிழில் குறிப்பிடலாம். அடுத்த ஆண்டு கால்டெகாட் பதக்கம் பெற்றது.

ஓநாய் வேடம் அணிந்த மேக்ஸ் என்னும் சிறுவன் வீட்டில் அட்டகாசம் செய்கிறான். தாய் கடிந்துகொள்கிறாள், அவன் எதிர்த்துப் பேசுகிறான், இரவுணவின்றிப் படுக்கைக்கு அனுப்பப்படுகிறான். அவன் அறையில் காடு வளர்கிறது, கடல் வருகிறது, ஓடத்தில் ஏறிக் கொடுவிலங்குகளின் நாட்டை அடைகிறான், அவற்றை அடக்கி அரசனாகிறான், கூத்தாடுகிறான். பின்பு தனிமை வாட்ட, தன்பால் அன்புடையார் இருக்கும் இடத்தை நாடித் தன் அறைக்கே திரும்புகிறான். அங்கே உணவு காத்திருக்கிறது, ஆறாமல் இருக்கிறது.

இக்கதையை நடத்துவது படங்களின் அளவாகும். தொடக்கத்தில் படம் சிறியது. சுற்றிலும் அகன்ற வெள்ளை ஓரம். மேக்ஸின் சினம் பெருகப் பெருகப் படமும் பெருகுகிறது. ஓரம் மறைகிறது, படம் அடுத்த பக்கத்திலும் பரவுகிறது. கூத்தின் உச்சியில் தொடர்ந்து மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்லும் இல்லை. சினம் முழுமையாக ஆட்கொள்ளும்போது மனிதனிடம் சொல் இருப்பதில்லை என்னும் உண்மையை இதைவிடச் செவ்வையாக யார் கூறுவார்? பின் படம் சுருங்குகிறது. இறுதிப் பக்கத்தில் படமே இல்லை. உணவின் வெம்மையைக் கூறும் சில சொற்கள் மட்டுமே உள்ளன. சினம் தணிந்ததும் சொல் திரும்பிவருகிறது.

தாயை ஓரிடத்தும் செண்டாக் வரைந்து காட்டவில்லை. அவள் மன்னித்தாள் என்று எழுதவுமில்லை. ஆறாத உணவு அதைக் கூறிவிடுகிறது. இஃது அன்றோ உள்ளுறை!

தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளில் வெகுளியும் ஒன்று, அச்சமும் ஒன்று. அவற்றை நீக்கிவிட்டு இலக்கியம் இல்லை என்று கண்ட மரபு நமது. ஆயினும், குழந்தை நூல் என்றவுடன் உவகைக்கு மட்டுமே இடம் தருகிறோம். செண்டாக்கின் நூலும் எதிர்ப்பின்றி வரவேற்கப்படவில்லை. உணவின்றித் தண்டிக்கப்படுதலும் கொடுவிலங்குகளின் தோற்றமும் குழந்தையை அச்சுறுத்தும் என்று பெரியோர் சிலர் கண்டித்தனர். புகழ்பெற்ற உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைமும் 1969-இல் ஓர் இதழில் இந்நூலைக் குறைகூறினார். காலம் வேறு தீர்ப்பு வழங்கிவிட்டது. அச்சமே அறியாமல் வளரும் குழந்தை எங்கும் இல்லை. அச்சத்திற்கு ஓர் உருவம் கொடுத்து, அதன் கண்ணை இமையாமல் நோக்கி, பின் அதை விட்டுவிட்டு வீடு திரும்பலாம் என்று காட்டும் நூல் குழந்தைக்கு அரண் ஆகுமேயன்றிக் கேடு ஆகாது.

தன் முகத்தைத் தேடிய குழந்தை

தன்னை அறிதலின் மற்றொரு பக்கம், தன் முகத்தை நூலில் காணுதல். எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-ஆம் ஆண்டில் படைத்த 'த ஸ்னோயி டே', அதாவது 'வெண்பனி பெய்த நாள்', இவ்வகையில் வரலாறு படைத்தது. பீட்டர் என்னும் சிறுவன் காலையில் எழுகிறான், ஊரெங்கும் வெண்பனி. சிவப்பு உடை அணிந்து வெளியே செல்கிறான். பனியில் காலடித் தடம் பதித்துப் பார்க்கிறான். குச்சியால் மரத்தைத் தட்ட, பனி அவன் தலையில் விழுகிறது. ஒரு பனியுருண்டையைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வருகிறான். உறங்குமுன் பார்த்தால் பை வெறுமையாக இருக்கிறது. வருந்துகிறான். மறுநாள் எழுந்தால் புதுப்பனி பெய்கிறது. எதிர்வீட்டு நண்பனையும் அழைத்துக்கொண்டு மீண்டும் வெளியே செல்கிறான்.

பனி உருகும் என்னும் அறிவியல் உண்மையை இந்நூல் எங்கும் விளக்கவில்லை. வெறுமையான பையினுள் கைவிட்டுப் பார்த்த பிள்ளைக்கு விளக்கம் எதற்கு? இழப்பும் அறிவும் ஒரே நொடியில் வருகின்றன. உலகை அறிதலும் தன்னை அறிதலும் இருவேறு பாடங்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பீட்டர் கறுப்பினச் சிறுவன். அமெரிக்காவின் பெரும்பதிப்பகங்கள் வெளியிட்ட வண்ணப் படநூல்களில் கறுப்பினக் குழந்தை கேலிப்பொருளாக அன்றிக் கதையின் நாயகனாக வந்தது அக்காலத்தில் அருநிகழ்ச்சி. 1940-ஆம் ஆண்டில் 'லைஃப்' இதழில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் நிழற்படங்களைக் கத்தரித்து வைத்திருந்த கீட்ஸ், இருபதாண்டுகளுக்கு மேல் அவற்றைப் பாதுகாத்துப் பீட்டருக்கு உருவம் தந்தார். வண்ணத்தாளும் துணித்துண்டும் ஒட்டி அமைத்த அப்படங்களுக்காக 1963-இல் கால்டெகாட் பதக்கம் பெற்றார். நியூயார்க் பொது நூலகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலின்படி, அதன் 125 ஆண்டு வரலாற்றில் மிகுதியாக இரவல் பெறப்பட்ட நூல் இதுவே. பெறப்பட்ட தடவைகள் 4,85,583.

இந்நூலின் அருமையை உணர வேண்டுமாயின் அன்றைய நிலையை அறிதல் வேண்டும். நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 1965-இல் எழுதிய கட்டுரையில், முந்திய மூன்றாண்டுகளில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களில் ஒரு கறுப்பினத்தவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே என்று கணக்கிட்டுக் காட்டினார். நூற்றுக்கு ஏழுகூட இல்லை. நூலில் தன்னைக் காணாத குழந்தை, நூல் என்பது தனக்குரியதன்று என்று முடிவு செய்துகொள்கிறது. எவரும் வாய்திறந்து கூறாமலே அந்தப் பாடம் நடந்துவிடுகிறது.

அதே லாரிக், கீட்சின் நூலையும் விட்டுவைக்கவில்லை. பீட்டரின் இனத்தைச் சொற்கள் குறிப்பிடவில்லை என்றும், தாயின் தோற்றம் பழைய வேலைக்காரப் பெண்ணின் வார்ப்பை நினைவூட்டுகிறது என்றும் கடிந்தார். முதற்குறையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. படம் கூறியதைச் சொல் மீண்டும் கூறாமையே இந்நூலின் பெருமை. இரண்டாம் குறை சிந்திக்கத்தக்கது. குறிப்பால் நல்லன உணர்த்த முடியும் என்றால், தீயனவும் குறிப்பாலேயே நுழைந்துவிடும். சொல்லில் காட்டும் விழிப்பைப் படத்திலும் காட்ட வேண்டியது திறனாய்வாளனின் கடமை என்பதை இக்கண்டனம் நமக்கு உணர்த்துகிறது.

விரலால் பயிலும் உலகம்

நான்காவது நூல் எரிக் கார்ல் 1969-இல் படைத்த 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்'. முட்டையிலிருந்து வெளிவந்த புழு ஒன்று திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என வெள்ளிவரை ஒவ்வொன்றாகக் கூட்டித் தின்கிறது. சனியன்று கண்டதையெல்லாம் தின்று வயிற்றுவலி கொள்கிறது. ஞாயிறன்று ஒரு பச்சிலை தின்று தேறுகிறது. பின் கூட்டில் அடங்கி வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது. கிழமை, எண், பழம், உயிரின் வளர்ச்சி என நான்கு பாடங்கள் இதனுள் அடக்கம். இருந்தும் இது பாடநூல் போலத் தோன்றுவதில்லை.

காரணம், தாளில் இடப்பட்ட துளை. புழு தின்ற இடமெல்லாம் தாளில் உண்மையாகவே ஓட்டை. குழந்தை அதனுள் விரலை நுழைக்கிறது, அவ்விரலே புழுவாகிறது. பழங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பக்கத்தின் அகலமும் கூடுகிறது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணும் முன்பே கை அறிந்துகொள்கிறது. இத்தகைய தாள்களை அமெரிக்காவில் கட்டுப்படியான விலையில் அச்சிட இயலாமையால் நூல் முதலில் ஜப்பானில் அச்சாயிற்று. அச்சுக்கலையும் இலக்கியத்தின் ஓர் உறுப்பாவது படநூலில்தான்.

இந்நூலிலும் ஒரு குறை சுட்டப்பட்டது. ஆங்கிலத்தில் அந்துப்பூச்சி நூற்கும் கூட்டிற்கு ஒரு பெயர். வண்ணத்துப்பூச்சியின் உறைக்கு மற்றொரு பெயர். கார்ல் முன்னதைப் பயன்படுத்திவிட்டார் என்று அறிவியலார் கூறினர். உலகை அறிவிக்கும் நூலில் உண்மை பிசகலாகாது என்பது முறையே. ஆயினும், சிறியதாய், பசியுடையதாய், பிழை செய்து நோவுற்றதாய் இருந்த ஓர் உயிர் சிறகு பெறும் என்னும் நம்பிக்கையே இந்நூலின் உயிர்நிலை. வளர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு குழந்தையும் அந்தப் புழுவில் தன்னைக் காண்கிறது.

செவிக்கு விருந்து, கண்ணுக்கு?

இந்நான்கு நூல்களாலும் பெறப்படும் உண்மை ஒன்றே. குழந்தைக்கு அறிவு வருவது சொல்லுக்கும் படத்திற்கும் இடையே விடப்பட்ட இடைவெளியில். அவ்விடைவெளியை அறிவுரையால் அடைத்துவிட்டால் குழந்தை தன்னையும் அறியாது, உலகையும் அறியாது.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு நம் இலக்கியத்தை நோக்குவோம். குழந்தையைப் பாடுவதில் தமிழுக்கு நிகர் தமிழே. பத்துப் பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய மொழி இது. ஆனால், பிள்ளைத்தமிழ் குழந்தையைக் கண்டு பெரியவர் மகிழும் இலக்கியம்; குழந்தை நின்ற இடத்தில் நின்று உலகைக் காணும் இலக்கியம் அன்று. ஔவையின் ஆத்திசூடி நெஞ்சில் ஊன்றிப் பின்னாளில் முளைக்கும் விதை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) முதலியோரின் பாடல்கள் தமிழ்ப் பிள்ளைகளின் செவிக்குப் பெருவிருந்து படைத்தன. செவிக்கு இத்தனை வளம் தந்த நாம் கண்ணுக்கு அந்த அளவு தந்தோமில்லை. நம் குழந்தை நூல்கள் பலவற்றில் படம் சொல்லுக்குப் பின்னே கைகட்டி நிற்கிறது. கதை முடிந்ததும் 'இக்கதையால் அறியும் நீதி' என ஒரு வரி வந்து, குழந்தை எண்ணத் தொடங்கிய கதவைச் சாத்திவிடுகிறது.

அறநெறி கற்பிப்பது தவறா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். தவறன்று. மேக்ஸின் கதையிலும் அறம் இருக்கிறது. அன்பிற்குத் திரும்பி வா என்பதே அவ்வறம். அது கூறப்படவில்லை, கண்டடையப்படுகிறது. பிறர் கூறிய அறம் தேர்வு வரை நிற்கும். தான் கண்டடைந்த அறம் வாழ்வு முழுதும் நிற்கும்.

நம் நாடுகளில் இது வெறும் சுவைபற்றிய சிக்கல் அன்று. மொழியின் வாழ்வுபற்றிய சிக்கல். சிங்கப்பூரில் ஐந்து வயதிற்கு மேற்பட்டோருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 3.3 விழுக்காட்டினர், 2020-ஆம் ஆண்டில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தனர். மலேசியாவில் 1816-ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கி இரு நூற்றாண்டைக் கடந்த தமிழ்ப்பள்ளிக் கல்வி இருக்கிறது. அங்கும் பிள்ளையின் கையில் உள்ள வண்ண நூல் பெரும்பாலும் பிறமொழி நூலே. இன்று நம் குழந்தை தன் சினத்தைச் செண்டாக்கின் ஆங்கிலத்தில் அறிகிறது. தன் வியப்பைக் கீட்சின் ஆங்கிலத்தில் அறிகிறது. தமிழில் பல் துலக்கக் கற்கிறது; வரிசையில் நிற்கக் கற்கிறது. இந்நிலை நீடித்தால், ஆங்கிலம் உள்ளத்தின் மொழியாகவும் தமிழ் கட்டளையின் மொழியாகவும் அதன் நெஞ்சில் பதிந்துவிடும். கட்டளையின் மொழியை எக்குழந்தை விரும்பும்?

இருள் முழுமையானதன்று. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் அருகருகே அமைந்த படநூல்களைத் தொடர்ந்து வெளியிட்டு வந்துள்ளது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இவற்றை நாம் பயன்கொள்ள வேண்டும். ஆயினும், அவற்றில் வரும் தெரு சென்னைத் தெருவாகவும், ஆறு அந்நாட்டு ஆறாகவுமே பெரும்பாலும் இருக்கும். வீவக அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் மிதிவண்டி ஓட்டும் பிள்ளையும், செம்பனைத் தோட்டத்து மழையில் பள்ளி செல்லும் பிள்ளையும், சீன நண்பனுக்கும் மலாய்த் தோழிக்கும் இடையே அமர்ந்திருக்கும் பிள்ளையும் தம் முகத்தை எந்நூலில் காண்பர்? நூல் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் அமைதல் வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். நமக்குச் சன்னல்கள் பல கிட்டிவிட்டன. கண்ணாடியை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வினையெச்சமும் பக்கம் புரட்டலும்

தமிழ் நடை படநூலுக்கு ஏற்றதா என்னும் ஐயம் சிலரிடம் உண்டு. உண்மையில் படநூலுக்கென்றே அமைந்தது போன்ற ஓர் உறுப்பு நம் இலக்கணத்தில் இருக்கிறது. அதுவே வினையெச்சம். 'ஏறி' என்று ஒரு பக்கத்தை முடித்தால் குழந்தை நிற்குமா? அடுத்த பக்கத்தைப் புரட்டியே தீரும். 'இறங்கி', 'தாண்டி', 'நுழைந்து' என ஒவ்வொரு பக்கமும் எஞ்சி நிற்க, முற்றுவினை இறுதிப் பக்கத்தில் வந்து கதையையும் வாக்கியத்தையும் ஒருங்கே முடித்துவைக்கும். ஆங்கிலத்தில் தொடக்கத்திலேயே வந்துவிடும் வினை தமிழில் கடைசிவரை காத்திருக்கிறது. கதை கேட்கும் குழந்தையின் ஆவலுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கிய அமைப்பு வேறு வேண்டுமோ? 'மேலே, கீழே, ஊடே, சுற்றி' என்னும் இடம் காட்டும் சொற்களையும் இத்தகைய ஒரு கதையில் பத்துப் பயிற்சித்தாள்கள் தர இயலாத அளவு நன்றாகப் பதியவைக்கலாம். கதைமாந்தர் பேசும் இடங்களில் கொச்சை நீங்கிய இயல்பான பேச்சுநடைக்கு இடம்தந்தால், வீட்டுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் உள்ள தொலைவு குழந்தைக்கு அச்சம் தராது.

வகுப்பில் படநூலைப் படித்துக்காட்டும் ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு. படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அவ்வினாவிற்கு ஒரு சொல்லே விடை. 'இனி என்ன நடக்கும்?', 'இவன் ஏன் இப்படி நிற்கிறான்?', 'கோழிக்குத் தெரியாதது உனக்குத் தெரிகிறதா?' என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தமிழ்ச்சொல் குறைவாக உள்ள குழந்தையும் படத்தின் முன் பெரிய எண்ணங்களை எண்ணும். அவ்வெண்ணத்தைக் கூறச் சொல் தேடும் நேரமே அது மொழி கற்கும் நேரம். சொல்லை முதலில் ஊட்டிவிட்டு எண்ணத்தைப் பின்னர் எதிர்பார்ப்பது, பசி எடுக்குமுன் உணவைத் திணிப்பதற்கு ஒப்பாகும்.

முடிவாக, இப்பணி ஒருவரால் ஆவதன்று. எழுதுவோர் சொல்லைக் குறைத்துக்கொள்ளும் துணிவைப் பெற வேண்டும். ஓவியரைக் கூலிக்கு வரைபவராகக் கருதாமல் இணையாசிரியராகவே கருத வேண்டும். எழுத்தாளர் அமைப்புகள் சிறுகதைக்கும் கவிதைக்கும் போட்டி நடத்துவது போலப் படநூலுக்கும் நடத்தலாம். ஆசிரியர்கள் நல்ல நூலைத் தேர்ந்து, நீதியை வினவாமல், குழந்தையோடு சேர்ந்து படத்தை நோக்கக் கற்றல் வேண்டும். இன்று ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் தம் பயிற்சிக் காலத்திலேயே ஆளுக்கொரு படநூல் ஆக்கிப் பார்த்தாலும் தொடக்கம் நன்றாகவே அமையும். சொல் இருபதே போதும். ஆனால், அச்சொற்களில் இல்லாத நரி ஒன்று படத்தில் இருத்தல் வேண்டும். அதைக் கண்டு ஒரு தமிழ்க் குழந்தை தமிழில் கூவட்டும்.